கட்டியக்காரன் கேட்கட்டும்!

உப்பளம், ஏரி, முகத்துவாரம், மீன்பிடித் துறைமுகம், நான்கு வழிச்சாலை... மரக்காணம் கரையில் நிலமும் நீரும் யாருக்கு என்ற வழக்கு ஓயாமல் நடக்கிறது. அதை விசாரிக்கத் தோதான சபை எது? அதிகாரிகள் போடும் ஷாமியானாவா, ஊர் போடும் கூத்துக்களமா?

நடுநிசி தாண்டிவிட்டது. திரௌபதியம்மன் கோயிலுக்கு எதிரே அறுவடை முடிந்த நிலத்தில் பாயும் கோணிச் சாக்கும் விரித்து ஊர் உட்கார்ந்திருக்கிறது. பின்வரிசையில் பாதிப் பேர் படுத்தே விட்டார்கள். முகவீணை கீச்சென்று ஒரு இழுப்பு இழுத்ததும் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பின்னால் சலங்கைச் சத்தம். திரைக்கு மேலே மரக்கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. அதில் பதித்த கண்ணாடிச் சில்லில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது. வந்திருப்பவர் அஸ்தினாபுரத்து மகாராஜா. ஆனால், நேராகச் சபைக்குள் வந்துவிட முடியாது. கட்டியக்காரன் குறுக்கே நிற்கிறான். யாரப்பா நீ, எந்த ஊரு, உன் அப்பன் பேரென்ன, இங்கே உனக்கு என்ன சோலி? மகாராஜா பாட்டாகவும் வசனமாகவும் பதில் சொல்லியே ஆகவேண்டும். சொல்லச் சொல்லக் கட்டியக்காரன் இடைமறிப்பான். துரியோதனன் பெருமைக்கு நடுவே ரேஷன் பாமாயிலை இழுப்பான், மூன்று நாளாகத் தண்ணீர் வராத தெருக்குழாயை இழுப்பான். படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள்.

செஞ்சி, திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் இது பழகிய காட்சி. பங்குனியில் தொடங்கி ஆடி வரை கூத்துக் காலம். உப்புக் காலமும் ஏறக்குறைய அதுதான். இரவெல்லாம் கூத்துப் பார்த்த கண்ணோடு, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வாருபலகையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு.

சில வருடங்களாக இந்தக் கரையின் சபைக்கு வேறு ராஜாக்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் மதிப்பீடும் வரைபடமும் அரசாணையும் அவர்களுடைய கிரீடம். யார் நீ, எதற்கு வந்தாய் என்று அவர்களை வழிமறிக்கத்தான் ஆளில்லை.

வந்தவர்கள் வரிசை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் சாலையோரத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருக்கும் உப்பு அம்பாரங்கள். செல்ஃபிக்கு நல்ல இடம். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து தமிழ்நாட்டின் பெரிய உப்பளப் பகுதி இது. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்த நூலில் உமணரின் உப்பு வண்டியும் வருகிறது. அதோடு சேர்ந்து வந்த குரங்கு, உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தப் பாட்டு, யாழைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் பாணனுக்கு வழிசொல்லும் பாட்டு. இந்தக் கரையைப் பற்றி நம் கைக்குக் கிடைத்த மிகப் பழைய வர்ணனையே கலைஞர்கள் நடந்துபோன பாதையின் வர்ணனைதான்.

உப்பளத்துக்குத் தெற்கிலும் மேற்கிலுமாகக் கழுவேலி ஏரி. மழைக்காலத்தில் நன்னீர், கோடையில் உவர்நீர். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு என்பார்கள். உப்புக்கல்லி ஓடை வழியாக எடையந்திட்டு முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. ஏரியில் நீர் இறங்கினால் வலசைப் பறவைக்கு இரை. முகத்துவாரம் திறந்திருந்தால் இறாலும் மீன்குஞ்சும் உள்ளே வரும். உப்பங்கழியில் இருளர் குடும்பங்கள் கையால் தடவி இறால் பிடிக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் ஊர் இது.

அசைத்தவர்கள் பட்டியல் நீளம். இறால் பண்ணைகள் முதலில். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பண்ணைக் குளங்கள் கூடாது என்று 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, அடைத்த கதவை வேறு சாவியால் திறந்தது. பிறகு, செங்கல்பட்டு மாவட்டத்து ஆலம்பரைக்குப்பத்திலும் விழுப்புரம் மாவட்டத்து அழகன்குப்பத்திலும் இரட்டை மீன்பிடித் துறைமுகம், 235 கோடி ரூபாயில். முகத்துவாரத்தின் இரண்டு கரையிலும் கல் கொட்டும் திட்டம். சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் வேலை நடக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதை நிறுத்தியது. 2021 டிசம்பரில் கழுவேலி பறவைகள் சரணாலயம் ஆனது. 2025 ஆகஸ்டில் மரக்காணம் - புதுச்சேரி நான்கு வழிச்சாலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நடுவில் 2020-ல் நிவர், 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல்கள் வேறு. அவை அனுமதி கேட்டு வருவதில்லை.

பெட்டிச் செய்தி: கரையின் கணக்கு

• மரக்காணம் உப்பளங்கள்: 3,000 ஏக்கருக்கு மேல்.
• கழுவேலி பறவைகள் சரணாலயம்: சுமார் 5,151 ஹெக்டேர், வானூர், மரக்காணம் வட்டங்களில்.
• மரக்காணம் - புதுச்சேரி நான்கு வழிச்சாலை: 46 கி.மீ., 2,157 கோடி ரூபாய்.
• ஃபெஞ்சல் புயல், 2024 நவம்பர் 30: பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. உப்பளங்கள் மூழ்கின.
• மழைக்கால மாதங்களில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு தரும் நிவாரணம்: 5,000 ரூபாய்.

கிருஷ்ணன் தூது ஒரு நில வழக்கு

கூத்தைச் சுற்றுச்சூழல் நீதிக்குப் பயன்படுத்தலாம் என்று சொன்னதும் பலருக்குத் தோன்றுவது, அர்ஜுனன் வாயில் நெகிழி ஒழிப்பு வசனம் வைப்பது. அது தேவையில்லை. கூத்தில் நிலவழக்கு ஏற்கெனவே இருக்கிறது.

பதினெட்டு நாள் பாரதத்தில் கிருஷ்ணன் தூது ஒரு முக்கியமான இரவு. பாண்டவர்களுக்குப் பாதி ராஜ்யம் வேண்டும் என்று கிருஷ்ணன் கேட்கிறான். இல்லை. ஐந்து ஊராவது கொடு. இல்லை. ஐந்து வீடாவது கொடு. அதுவும் இல்லை. கோரிக்கை ஒவ்வொரு படியாகச் சுருங்குவதும், எதிராளி ஒவ்வொரு படியிலும் கல்லாக நிற்பதும், பெரியவர்கள் எல்லாம் சபையில் உட்கார்ந்து வாய்மூடிப் பார்ப்பதும் எதுவும் மாறவில்லை. விதுரன் ஒருவன்தான் வில்லை முறித்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறான். மரக்காணத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர், அரசு நிலத்துக் குத்தகை உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவராக இருக்கலாம். முகத்துவாரத்தில் கல் விழுந்தால் படகை எங்கே ஏற்றுவது என்று யோசிக்கிற மீனவராக இருக்கலாம். அவருக்கு உவமை தேவையில்லை, கதையிலேயே ஆள் மாறாட்டம் செய்துகொள்வார்.

இந்தக் கூத்தில் சபை என்பது சுற்றி உட்கார்ந்திருக்கும் கூட்டமேதான். துரியோதனன் படுகளத்தன்று ஊர்த் திடலில் மண்ணால் பிரமாண்டமான உருவம் செய்து கிடத்துவார்கள். கூத்தாடிகள் அதன்மேல் ஏறிச் சண்டை போட, கூட்டம் கூடவே ஓடும். அர்ஜுனன் தபசன்று உயரமான தபசு மரத்தில் ஏறி நின்று அர்ஜுனன் வில்வமும் எலுமிச்சையும் வீச, கீழே மடி ஏந்தி நிற்பார்கள். மேடை எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. உலகத்து நாடக அறிஞர்கள் ‘பார்வையாளரையும் நடிகராக்கு’ என்று புத்தகம் எழுதுவதற்கு வெகுமுன்னால் தென்னாற்காட்டுக் கிராமங்களில் இது நடந்துகொண்டிருந்தது. பாரிஸின் புகழ்பெற்ற தியேட்டர் து சோலெய் குழு 2016-ல் அரங்கேற்றிய நாடகத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரானிடம் கூத்துக் கற்றது சும்மா இல்லை.

கட்டியக்காரனுக்குத் தனி உரிமம் உண்டு. அவன் ராஜாவின் சேவகன். அதனால் உள்ளே இருக்கலாம். அவன் கோமாளி, அதனால் எதையும் சொல்லலாம். அடித்தால் அழுதுகொண்டே மறுபடி கேட்பான். எழுதி வைத்த வசனம் அவனுக்குக் குறைவு. அன்றைய ஊர், அன்றைய கூட்டம், அன்றைய செய்தி. புகாரைச் சபைக்குக் கொண்டுவர இப்படி ஒரு பாத்திரம் நம்மிடமே இருக்கும்போது புதிதாக ஒன்றை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

ஷாமியானாவுக்குள் நடக்கும் நாடகம்

இன்னொரு திறந்தவெளி அரங்கும் இந்தக் கரையில் உண்டு. அதற்குப் பெயர் கருத்துக்கேட்புக் கூட்டம். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி தேவைப்படும் பெரும்பாலான திட்டங்களுக்கு இது நடந்தாக வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு. ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு. முழுக்க வீடியோ பதிவு. குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற விதி கிடையாது. பேசியவை எல்லாம் கடைசியில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டப்பட வேண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பதைப் பாருங்கள். மேடையில் நாற்காலி, மினரல் வாட்டர், திட்டத்தின் பெருமை சொல்லும் பவர்பாயின்ட். அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில். தமிழில் ஒரு சுருக்கம். கீழே போலீஸ். மைக் யார் கைக்கு முதலில் போகிறது என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிடும். உப்பளத்தில் முப்பது வருடம் நின்ற பெண்மணி எழுந்து தன் பிழைப்பைச் சொன்னால், ‘உங்க கேள்வி என்னம்மா, அதை மட்டும் சொல்லுங்க’ என்பார்கள். கேள்வியாக இல்லாத அறிவுக்கு அந்தக் கூட்டக் குறிப்பேட்டில் பத்தி கிடையாது.

சாலை விஷயத்தில் அந்த ஷாமியானாவும் இல்லாமல் போகலாம். தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுற்றுச்சூழல் அனுமதி என்று 2013-ல் விதி தளர்ந்தது. நீளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 46 கிலோமீட்டர் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூத்தால் தடையாணை வாங்க முடியாது. அதை எதிர்பார்ப்பதும் அபத்தம். தீர்ப்பாயத்தில் எடுபடுவது ஆவணமும் அளவீடும். ஆனால் கருத்துக்கேட்புக்கு ஒரு மாதம் முன்பே ஊர் அந்தத் திட்டத்தைத் தன் திடலில் ஒருமுறை நடத்திப் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? மைக்கைக் கண்டு நடுங்குகிற வாய் பழகிவிடும். யார் எதைச் சொல்வது என்பது தெளிந்துவிடும். முக்கியமாக, ஊருக்குள் யார் யாருக்கு என்ன நட்டம், யாருக்கு லாபம் என்பது வெளியார் சொல்வதற்கு முன்னால் ஊராருக்கே தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம். சோழமண்டலக் கரையில் கடலோர நீரோட்டத்தை மீனவர்கள் இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: தெற்கிலிருந்து வடக்கே ஓடும் வன்னி, வடக்கிலிருந்து தெற்கே வரும் தெண்டி. வருடத்தில் பெரும்பகுதி வன்னிதான். அது மணலைச் சுமந்துகொண்டு வடக்கே போகும். குறுக்கே கல் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச் சுவர் வந்தபிறகு நகரத்துக் கடற்கரை காணாமல்போனது. அரிப்பு வடக்கே நகர்ந்து சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை வீடுகளைத் தின்றது. இதை அறிக்கையில் வரைபடமாகப் போட்டால் பொறியாளருக்குப் புரியும். திடலில் இருபது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தெற்கு முனையிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி மணல் அள்ளிக் கொடுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒருவரைக் குறுக்கே நிறுத்துங்கள். அவருக்கு இந்தப் பக்கம் குவியலும் அந்தப் பக்கம் வெறுங்கையும் ஆகும்போது, வடக்கு முனையில் நிற்கும் பிள்ளையின் அம்மாவிடம் விளக்கவுரை கேட்காதீர்கள். அவர்தான் அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறவர்.

விழிப்புணர்வு என்னும் வியாதி

நம் அரசு அலுவலகங்களுக்குக் கலைக்குழு என்றால் பிரியம். டெங்குவா, கூப்பிடு கலைக்குழுவை. மஞ்சப்பையா, கூப்பிடு. கள்ளச்சாராயமா, கூப்பிடு. பேருந்து நிலையத்தில் இருபது நிமிடம் பறை, கரகம், ஒரு குட்டி நாடகம், துண்டுப் பிரசுரம், புகைப்படம். இதில் பறையடிக்கிறவருக்கு நாலு காசு கிடைக்கிறது என்பதைத் தவிரப் பெரிய நன்மை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ‘உங்களுக்குத் தெரியாது, சொல்லித்தர வந்தோம்’ என்பதே அந்த நாடகங்களின் அடித்தளம். உப்பு எத்தனை டிகிரியில் விழும் என்று காலால் மிதித்தே சொல்கிறவருக்கு வெயில் கூடியிருப்பதைப் பற்றி யார் விழிப்புணர்வு ஊட்டுவது? ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்து, வெப்பமும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சிறுநீரகத்தைப் பாதிப்பதை 2023-ல் வெளியிட்டார்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது உப்பளத்தில் புதுச் செய்தி அல்ல. அவர்களுக்குத் தெரிந்ததை, பதில் சொல்ல வேண்டியவர் முன்னால் சொல்லவைப்பதுதான் வேலை.

இந்த வித்தியாசத்தை நம் மூத்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1980-ல் வங்கத்து நாடகக்காரர் பாதல் சர்க்கார் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் நடத்திய பட்டறையிலிருந்து தமிழ் வீதி நாடகத்தின் ஒரு கிளை கிளம்பியது. அதே ஆண்டு, அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தை எதிர்த்துக்கொண்டிருந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கலாஜாதாவைத் தொடங்கியது. அந்த வடிவம்தான் சில ஆண்டுகளில் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் கலைப்பயணங்களாகப் புதுச்சேரி, புதுக்கோட்டைக் கிராமங்களில் இறங்கியது. பிரளயனின் சென்னைக் கலைக்குழு போன்றவை அந்தக் காலத்து வார்ப்பு. அறிவொளி வென்றதற்குக் காரணம் நாடகம் நன்றாக இருந்தது மட்டுமல்ல. நாடகம் முடிந்த மறுநாள் அந்தத் தெருவில் ஒரு வகுப்பு தொடங்கியது. மறுநாள் ஒன்றும் தொடங்காத நாடகம், ஊர்க்காரருக்கு ஒரு பொழுதுபோக்கு, அதிலும் எம்.ஜி.ஆர். படத்தைவிடச் சுமாரானது.

இலங்கையில் மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ நண்பர்களும் செய்த கூத்து மீளுருவாக்கம் இன்னொரு வழி காட்டுகிறது. வெளியிலிருந்து புதுப் பிரதி எழுதிக் கொடுக்காமல், ஊராரே உட்கார்ந்து தங்கள் கூத்தில் எது இன்றைக்குப் பொருந்தாது, பெண்களை, சாதியை அது எப்படிப் பேசுகிறது என்று விவாதித்து மாற்றினார்கள். நேரம் பிடிக்கும் வேலை. நிதி அறிக்கையில் காட்டுவதற்கு ஒன்றும் சீக்கிரத்தில் கிடைக்காது.

எண்ணூர் சொன்ன பாடம்

வடக்கே நூறு கிலோமீட்டர் தள்ளி இதே நாடகத்தின் பிந்தைய காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணூரிலும் உப்பளங்கள் இருந்தன. துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் வந்தபின் உவர்நிலத்தின் பெரும்பகுதி நிலக்கரிக்கும் சாம்பலுக்கும் போனது. 2017 பொங்கல் சமயத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ என்ற பாட்டைக் காணொளிக்காக அந்தச் சாம்பல் வெளியில் நின்று பாடினார். இரண்டு வருடம் முன்பே, 2015-ல், பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கியிருந்தது. சபாக்களில் பாடுகிறவர்கள் குப்பத்து மணலில் வந்து பாடினார்கள். பறையும் கட்டைக்கூத்தும் அதே மேடையில் ஏறின.

இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. மீன் வாசனைக்குச் சங்கீதம் கேட்க வந்த மேட்டுக்குடி என்றார்கள். கேலியில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனாலும் விளைவைப் பார்க்கவேண்டும். எண்ணூர்க் கழிமுகம் என்று ஒன்று இருப்பதே தெரியாத நகரத்துக்கு அது தெரிந்தது. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவும் அம்மோனியாக் கசிவும் அடுத்தடுத்து வந்தபோது செய்தியாளர்கள் வழி கேட்காமல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மறுபக்கம்: சாம்பல் நின்றுவிடவில்லை. பாட்டு கேட்டு எந்த மின்நிலையமும் மூடப்பட்டதில்லை. நகரத்துக் காதுக்குப் பாடியது ஒன்று, உள்ளூர்ச் சபையில் விசாரித்தது வேறு. மரக்காணத்துக்கு இரண்டாவதுதான் அவசரம். இங்கே இன்னும் பாத்தியில் உப்பு விளைகிறது.

பெட்டிச் செய்தி: கமிரீத்து, 1977

கென்யாவின் லிமுரு பகுதியில் கமிரீத்து கிராமத்து விவசாயிகளும் காலணித் தொழிற்சாலைக் கூலிகளும் சேர்ந்து தங்கள் கையாலேயே ஒரு திறந்தவெளி அரங்கம் கட்டினார்கள். கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் கிகுயு மொழியில் எழுதிய நாடகம் அங்கே ஒத்திகையானது. ஒத்திகை ஊர் பார்க்க நடந்தது. வசனம் சரியில்லை என்றால் கிழவர்களும் கிழவிகளும் நிறுத்தித் திருத்தினார்கள். கதை: ஒரு ஏழைக் குடும்பத்தின் ஒன்றரை ஏக்கர் நிலத்தைப் பூச்சிமருந்துத் தொழிற்சாலைக்காகப் பெரிய மனிதர்கள் பறிப்பது.

அக்டோபரில் அரங்கேற்றம். நவம்பரில் தடை. டிசம்பர் 31-ல் கூகி வா தியாங்கோ கைது. விசாரணையின்றி ஏறக்குறைய ஓர் ஆண்டுச் சிறை. 1982-ல் போலீஸ் வந்து அரங்கத்தையே இடித்துத் தள்ளியது. தியாங்கோ 2025 மே மாதம் மறைந்தார்.

யாருடைய களம்?

இதுவரை சொன்னதில் ‘ஊர்’ என்ற சொல்லைச் சுலபமாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். மரக்காணத்தில் அது அவ்வளவு சுலபமில்லை.

2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு மாநாட்டுக்குப் போன கூட்டத்தை ஒட்டி இங்கே வெடித்த சாதி வன்முறையில் தலித் குடியிருப்பின் வீடுகள் எரிந்தன. 2023 ஜூனில் இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், தலித்துகள் உள்ளே போவது பற்றிய தகராறில் திரௌபதியம்மன் கோயிலுக்கே வருவாய்த்துறை பூட்டுப் போட்டுச் சீல் வைத்தது. கூத்து திரௌபதியம்மன் கோயில் திருவிழாவோடு பிறந்தது. கோயிலுக்குள் வர முடியாதவர், கோயில் எதிரே போடும் களத்தில் எங்கே உட்காருவார்? கட்டியக்காரன் யாரை வேண்டுமானாலும் கேலி செய்வான் என்கிறோம். வெற்றிலை பாக்கு வைத்துக் குழுவை அழைத்த தெருவை அவன் எவ்வளவு கேலி செய்வான்?

பணமும் அப்படித்தான். நடுக்கூத்தில் மைக்கில் அன்பளிப்பு வாசிப்பார்கள். இன்னார் வகையறா ஐந்நூறு ரூபாய். அந்த இன்னார் இறால் பண்ணைக்காரராகவோ லாரி உரிமையாளராகவோ இருந்தால் அன்றிரவு முகத்துவாரம் பற்றிய பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பிவிடும். தொண்டு நிறுவனம் பணம் கொடுத்தால் அதன் திட்ட அறிக்கையின் மொழி கூத்துக்குள் புகுந்துவிடும். இரண்டையும்விடத் தெருவுக்குத் தெரு வசூல் மேல், ஆனால் கஷ்டம்.

பெண்கள் கதை வேறு. உப்பளத்தில் மிதிப்பதும் சுமப்பதும் பெரிதும் பெண்கள். கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டுவது ஆண். பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருயினும் காஞ்சிபுரம் அருகே 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் முறையாகக் கட்டை கட்டிவிட்டது. அதன் பள்ளி 2020-ல் நின்றுபோனது. துகிலுரிதல் இரவில் தலைவிரி கோலமாகச் சபையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பாஞ்சாலி, உண்மையிலேயே ஓர் உப்பளத் தொழிலாளியாக இருந்தால் அந்தக் கேள்வியை அப்புறப்படுத்துவது அவ்வளவு எளிதாக இருக்காது.

இன்னொரு கசப்பும் உண்டு. ‘இயற்கையின் மடியில் உப்பு விளைவிக்கும் எளிய மக்கள், அவர்களை அழிக்கவரும் வளர்ச்சி’ என்று ஒரு நாடகம் போட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது பொய். உப்பளமும் ஒரு தொழில்; அதற்குள்ளும் குத்தகைதாரர், கங்காணி, கூலி என்று அடுக்கு இருக்கிறது. துறைமுகம் வேண்டும் என்று கேட்கும் மீனவர்களும் இருக்கிறார்கள். மாசிக் காற்றில் படகை மணலில் இழுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம். சரணாலயம் பறவைக்கு நல்லது. நேற்றுவரை அங்கே இறால் தடவிய இருளருக்கு வனத்துறை என்ன சொல்லும் என்பது தனிக் கேள்வி. துரியோதனனுக்கும் நல்ல பாட்டுக் கொடுப்பது கூத்தின் தர்மம். எதிர்த்தரப்பு வலுவாகப் பேசாத நாடகம், ஊரில் எதிர்த்தரப்பு இருக்கும்வரை அரைமணி நேரம்கூட நிற்காது.

பத்து மணிக்கு மைக்கை அணை!

சட்டமும் சும்மா இருப்பதில்லை. 1876-ல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது 2017-ல்தான். நடிகர் எம்.ஆர். ராதாவை மனத்தில் வைத்து 1954-ல் சென்னை மாநிலம் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் முன்தணிக்கைப் பிரிவுகளை, நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்குப் பிறகும், 2015 அக்டோபர் 30 அதிகாலையில் மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவனை டாஸ்மாக் பாட்டுக்காகத் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்தார்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் ‘அனுமதி’ என்ற ஒற்றைச் சொல் எல்லாச் சட்டங்களின் வேலையையும் செய்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால் கூத்துக்கு இன்றைய பெரிய தடை ஒரு சுற்றுச்சூழல் சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விடிய விடிய நடக்கும் கலைக்கு இது தலைவெட்டு. ஆனால் அதே விதிகளில், பண்பாடு, சமய நிகழ்ச்சிகளுக்காக வருடத்துக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம் என்று இருக்கிறது. அந்தப் பதினைந்தில் பாரதக் கூத்துக்கும் பங்கு கொடு என்று கேட்கலாம். கேட்க வேண்டியது கூத்துக் குழுக்கள் மட்டுமில்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஆள் திரட்டும் மீனவர் சங்கமும் உப்பளத் தொழிற்சங்கமும்தான்.

மைக் இல்லாமலும் ஆடலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் ஆடினார்கள், தீவட்டி வெளிச்சத்தில், எட்டுக்கட்டைத் தொண்டையில். இன்றைய கூட்டத்துக்கு அது எட்டாது, பக்கத்திலேயே நெடுஞ்சாலை.

ஆகவே முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இடம். கோயில் திடல் எல்லோருக்கும் இல்லை. குப்பத்து மணல் மீனவருக்கு மட்டும் என்று ஆகிவிடும். பள்ளிக்கூட மைதானத்துக்குத் தலைமையாசிரியர் அனுமதி வேண்டும். அவருக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேடுதான் கூலிக்காரர், மீனவர், இருளர், காலனித் தெருக்காரர் என எல்லாருடைய காலும் படும் இடம். புரட்டாசி பிறந்து அம்பாரங்கள் கரைந்ததும் அது காலியாகத்தான் கிடக்கும். குத்தகைதாரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பதைக் கட்டியக்காரன்தான் போய்க் கேட்கவேண்டும்.